நிலக்கீழ்க் குசினியின் யன்னல்: எச். ஜி. வெல்ஸின் மறந்துபோன சிறுகதைகள்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக நாங்களும் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்கள். எங்களோடு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும் இருந்தார். சட்டி பானை கட்டவேண்டிய சைக்கிள் கரியரில் நாலைந்து புத்தகங்களையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்காக அவருடைய மனைவி அவரை நெடுகப் பேசிக்கொண்டேயிருந்தார்.

ஜாம் போத்தல் விளக்கைக்கூட மிச்சம் பிடித்து எரித்த காலம் அது. இருட்டினால் கதை கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருநாள் அந்த ஆசிரியர், அட்டை கிழிந்துபோன புத்தகம் ஒன்றிலிருந்த கதையைத் தமிழில் சொன்னார். ஓடும் ரயிலில் முகம் வெளிறிய ஒரு மனிதன் பக்கத்தில் இருப்பவனோடு பேச்சுக் கொடுக்கிறான். தனக்கு இரவுக்கு இரவு தொடர்ச்சியாக ஒரே கனவு வருகிறது என்கிறான். கனவில் அவன் எதிர்காலத்தில் வாழும் ஒரு பெரிய அரசியல் தலைவன். பதவியை விட்டுவிட்டு, தான் நேசித்த பெண்ணோடு இத்தாலியின் காப்ரித் தீவில் வந்து இருக்கிறான். அவன் விட்டுவந்த நாற்காலியில் இருப்பவன் நாட்டை யுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வந்து இதைத் தடுக்கவேண்டும் என்று தூது வருகிறது. அவன் போகவில்லை. பிறகு வானத்தில் போர் விமானங்கள் வருகின்றன. இருவரும் தீவை விட்டு ஓடுகிறார்கள். பசியோடு, அகதிகளோடு அகதிகளாக, அங்கே போவதா இங்கே போவதா என்று தெரியாமல் அலைகிறார்கள். கடைசியில் ஒரு பழைய கோயிலின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் அவளுக்குச் சூடு விழுகிறது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் கோயில் தூண் நிழலில் இருத்துகிறான்.

கதை முடிந்தபோது வகுப்பறையில் ஒருவரும் பேசவில்லை. இதை எழுதியவர் குண்டுவீச்சுக்குள் வாழ்ந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

எச். ஜி. வெல்ஸ் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. கதையின் பெயர் ‘அர்மகெதோன் பற்றிய கனவு’. அது வெளிவந்த ஆண்டைப் பார்த்தபோது திகைத்துப் போனேன். 1901. ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது 1903 டிசம்பரில். விமானம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அதற்குக் கீழே ஓடுகிறவர்களின் களைப்பை இந்த மனிதர் எப்படி எழுதினார் என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 செப்ரெம்பர் 21ஆம் திகதி இலண்டனுக்குப் பக்கத்தில், கென்ற் மாவட்டத்தின் புரொம்லி என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஜோசப் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் சாமான்களும் விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்திருந்தார். ஓடாத கடை. ஜோசப் நல்ல பந்துவீச்சாளர். 1862இல் ஓர் ஆட்டத்தில் அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். கடையைவிட அந்த ஆட்டம்தான் வீட்டுக்குக் கொஞ்சம் காசு கொண்டுவந்தது. தாய் சாரா பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர்.

கடையின் கீழே, நிலத்துக்குள் இருந்தது அவர்களுடைய குசினி. அதன் யன்னல் நடைபாதைக் கம்பிவலைக்குக் கீழே திறந்தது. அந்த யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, சப்பாத்துகள்தான் தெரியும். தேய்ந்தவை, ஓட்டை விழுந்தவை, பளபளப்பானவை. பின்னாளில் இந்தச் சப்பாத்துகளை வைத்தே வறுமையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதினார். என்னைக் கேட்டால், வெல்ஸின் நல்ல கதைகள் எல்லாம் அந்த யன்னலால் பார்த்து எழுதப்பட்டவை.

1874இல் விளையாடும்போது கால் முறிந்து சிறுவன் படுக்கையில் கிடந்தான். தகப்பன் நூலகத்திலிருந்து புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த முறிந்த கால் தன் வாழ்வில் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று வெல்ஸ் கருதினார். மூன்று வருடங்களின் பின் தகப்பனுக்கும் கால் முறிந்தது. அதோடு கிரிக்கெட் வருமானமும் போயிற்று. 1880இல் தாய் சசெக்ஸில் உள்ள அப்பார்க் என்ற மாளிகைக்கு வீட்டு நிர்வாகியாகப் போனார். அங்கேயும் வேலையாட்கள் சாப்பாடு கொண்டுபோவது நிலத்துக்கடியில் வெட்டிய சுரங்கப் பாதைகளால்தான். ‘கால இயந்திரம்’ நாவலில் நிலத்துக்குக் கீழே வாழும் ஓர் இனத்தை அவர் படைத்தபோது, அதற்கு வெகுதூரம் போய்த் தேடவேண்டியிருக்கவில்லை.

பையனைப் புடைவைக் கடைக்கு வேலை பழக அனுப்பினார்கள். சவுத்சீ என்ற இடத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம். இரண்டு வருடம் பொறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை 17 மைல் நடந்து தாயிடம் போய், இதற்குமேல் என்னால் முடியாது என்று நின்றான். அந்த நடை இல்லாவிட்டால் எங்களுக்கு வெல்ஸ் இல்லை. பிறகு மிட்ஹேர்ஸ்ற் பாடசாலையில் மாணவ ஆசிரியர். 1884இல் புலமைப்பரிசில் கிடைத்து இலண்டன் சவுத் கென்சிங்ரனில் விஞ்ஞானப் படிப்பு. வாரத்துக்கு ஒரு கினிக் காசு. டார்வினின் கொள்கைக்காகத் தோள்கொடுத்து நின்ற தோமஸ் ஹக்ஸ்லி அங்கே அவருக்கு உயிரியல் கற்பித்தார். மனிதன் உலகத்தின் எசமான் ஆக விதிக்கப்பட்டவன் அல்லன், தற்செயலாக இப்போது மேலே நிற்கிறான், நாளைக்கு அந்த இடம் வேறொன்றுக்குப் போகலாம் என்ற எண்ணம் அந்த வகுப்பறையில் அவருக்குள் இறங்கியது.

உடம்பு அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1887இல் வேல்ஸில் ஆசிரியராக இருந்தபோது உதைபந்தாட்டத்தில் அடிபட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. இருமலில் இரத்தம் வந்தது. 1893இல் மறுபடியும் இரத்தப்போக்கு. இனிக் கற்பிக்க முடியாது என்ற நிலையில்தான் அவர் முழுநேரமாகப் பேனாவைப் பிடித்தார். அதே காலத்தில் முதல் மனைவியைப் பிரிந்து, தன் மாணவியாக இருந்த ஏமி கத்தரினோடு வாழத் தொடங்கினார். 1895இல் அவரை மணந்தார். பெண்கள் விடயத்தில் வெல்ஸ் கடைசிவரை நல்ல பெயர் எடுக்கவில்லை. அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

1894இல் ஒரு பத்திரிகை ஆசிரியர் அவரிடம் ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய, விஞ்ஞானம் கலந்த சிறிய கதைகளைக் கேட்டார். கூலிக்கு எழுதியவைதான். ‘திருடப்பட்ட கிருமி’ அப்படி வந்த ஆரம்பக் கதைகளில் ஒன்று. அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கதைகள் கொட்டின. கையில் அகப்படும் எந்தச் சாதாரணப் பொருளையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கதை எழும்பி வரும் என்பது அவருடைய அனுபவம். 1911இல் அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து ‘குருடர்களின் தேசம்’ என்ற தலைப்பில் ஒரு பெரிய தொகுப்புப் போட்டார். அப்போதே அந்த ஊற்று வற்றிவிட்டது. அவரும் அதற்காகப் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. உலகத்தைத் திருத்தும் பெரிய புத்தகங்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ‘கால இயந்திரம்’, ‘உலகங்களின் யுத்தம்’, ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ ஆகியவை திரைப்படங்களாகித் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. சிறுகதைகளோ தொகுப்புக்குள் கிடக்கின்றன.

எல்லாம் நல்ல கதைகள் என்று சொல்லமாட்டேன். சில வெறும் பகிடி. சிலவற்றில் வெள்ளைக்காரத் திமிர் நாறுகிறது. ‘டைனமோக்களின் கடவுள்’ (1894) கதையில் கிழக்கு நாடொன்றிலிருந்து வந்த தொழிலாளி ஒருவன் இலண்டன் மின் நிலையத்தில் வேலை செய்கிறான். அவனை வர்ணிக்கும் சொற்கள் கூசவைக்கின்றன. ஆனால் அதே கதை, அவனை அடித்து உதைக்கும் மேலாளனையும் மறைக்காமல் காட்டுகிறது. அடிவாங்குபவன் அந்தப் பெரிய இயந்திரத்தையே தெய்வமாகக் கும்பிடத் தொடங்கி, கடைசியில் மேலாளனை அதற்குப் பலி கொடுக்கிறான். சொற்கள் மேலே நிற்கின்றன, கண் கீழே நிற்கிறது. வெல்ஸ் முழுவதும் இந்த இழுபறிதான்.

1903இல் வந்த ‘தரைமேல் இரும்புக் கப்பல்கள்’ என்ற கதையை டாங்கியை முன்கூட்டியே சொன்ன கதை என்று இராணுவ வரலாற்றுக்காரர் நினைவுகூருவார்கள். உண்மைதான். 1916 செப்ரெம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் பிரித்தானிய டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. வெல்ஸின் பெயரைச் சேர்ச்சிலும் பின்னர் இதற்காகச் சொன்னார். எனக்கு அந்தக் கதையில் மறக்கமுடியாதது வேறு. இரும்புக்குள் இருந்து சுடுகிறவர்கள் கோபக்காரர்களாக இல்லை. ஒவ்வொருவனும் ஒரு சின்ன அறைக்குள் இருந்து, தனக்கு முன்னால் விழும் வெளியுலகின் சின்னப் படத்தைப் பார்க்கிறான், குறி வைக்கிறான், அழைப்புமணியை அழுத்துவதுபோல ஒரு பொத்தானை அழுத்துகிறான். அலுவலகத்தில் கணக்கு எழுதும் இளைஞர்களைப் போல அமைதியாக இருக்கிறார்கள். ஆளில்லா விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு நின்ற இரவுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

1897இன் ‘நட்சத்திரம்’ என்ற கதையில் கதாநாயகன் என்று யாருமில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பெரும் பொருள் நெப்டியூனோடு மோதி, எரியும் நட்சத்திரமாகிப் பூமியை நோக்கி வருகிறது. ஒரு கணித மேதை கணக்குப் போட்டு ஆபத்தைச் சொல்கிறார். உலகம் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. தன் வீட்டுச் சாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு அழும் ஒரு பெண் கதையின் தொடக்கத்தில் ஒரு கணம் வந்து போகிறாள். புது நட்சத்திரம் வந்தால் எனக்கென்ன என்பதுதான் அவளுடைய எண்ணம். பிறகு நிலம் நடுங்குகிறது, கடல் எழும்புகிறது. இந்தியாவின் சமவெளிகள் நீரில் மூழ்க, கோயில்களின் மேலே சனம் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நட்சத்திரம் பூமியோடு மோதாமல் விலகிப் போய்விடுகிறது. முடிவில் செவ்வாய்க் கிரகத்து வானியலாளர்கள் தொலைநோக்கியால் பூமியைப் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு கிட்ட வந்தும் பூமிக்குப் பெரிய சேதம் ஒன்றுமில்லையே, துருவங்களின் வெள்ளை கொஞ்சம் சுருங்கியதைத் தவிர, என்று வியக்கிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

2009க்குப் பிறகு, உயரத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களில் முள்ளிவாய்க்கால் மணலைப் பார்த்தபோது எனக்கு இந்த வானியலாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தூரத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும்.

வெல்ஸைக் கொண்டாடுகிறவர்கள் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. எங்களைப் போன்றவர்கள் அதைத் தாண்டக்கூடாது. காப்ரித் தீவிலிருந்து ஓடும் அகதிகளைப் பற்றி எழுதிய அதே 1901இல்தான் அவர் ‘எதிர்பார்ப்புகள்’ என்ற புத்தகத்தையும் வெளியிட்டார். எதிர்காலத்துக்கான திட்டம் அது. அவரைப் பெரிய மனிதர்களின் மேசைக்குக் கூட்டிச்சென்ற புத்தகமும் அதுதான். புதிய, திறமை மிக்க உலக அரசுக்குப் பொருந்திவராத கறுப்பு, பழுப்பு, மஞ்சள் நிற மக்கள் கூட்டங்கள் மறையவேண்டியவைதான் என்ற கருத்தை அதன் கடைசிப் பகுதியில் எந்தக் கூச்சமும் இல்லாமல் வைக்கிறார். ‘உலகங்களின் யுத்தம்’ எழுதத் தூண்டியதே தஸ்மேனியப் பூர்வகுடிகளை ஐரோப்பியர் அழித்ததைப் பற்றித் தமையன் பிராங்கோடு நடந்த பேச்சுத்தான். அந்த அழிவின் குரூரத்தை உணர்ந்து மூன்று நான்கு வருடத்துக்குள் இப்படியும் எழுதினார். நான் இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். பழுப்பு நிறக் கூட்டம் என்பதற்குள் அந்தத் தென்மராட்சி வகுப்பறையும் அடங்கும் அல்லவா?

கதை எழுதும்போது அவர் ஒரு மனிதனின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். திட்டம் எழுதும்போது செவ்வாய்க்குப் போய்விட்டார். அதனால்தான் சிறுகதைகள் நின்றுபோனதை ஓர் எழுத்தாளரின் ஓய்வு என்று என்னால் எடுக்க முடியவில்லை.

சிறுகதைக் காலத்தின் கடைசிப் பக்கம் வந்தவற்றுள் ‘சுவரிலிருந்த கதவு’ (1906) என்ற கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பையன் ஒருவன் வெள்ளைச் சுவரில் ஒரு பச்சைக் கதவைத் திறந்து அற்புதமான தோட்டம் ஒன்றுக்குள் போய் வருகிறான். வளர்ந்து பெரிய அரசியல்வாதியான பிறகும் அந்தக் கதவு எதிர்பாராத தெருக்களில் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ அவசரம். திறக்காமல் போகிறான். ஒருநாள் ரயில் பாதைக்காக வெட்டிய ஆழக் கிடங்குக்குள் அவனுடைய உடல் கிடைக்கிறது. உயர் பாதுகாப்பு வலய வேலிக்கு வெளியே நின்று தங்கள் வீட்டுப் படலையைத் தேடிப் பார்த்தவர்கள் இந்தக் கதையை ஒருமுறை வாசிக்கவேண்டும். அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மிச்ச வாழ்க்கை ஊரறிந்தது. 1914இல் வெடித்த யுத்தம் யுத்தங்களுக்கே முடிவுகட்டும் என்று எழுதினார். 1918இல் அரசாங்கத்தின் பிரசாரப் பிரிவிலும் கொஞ்சக் காலம் வேலை செய்தார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1920இல் அவருடைய உலக வரலாறு பெருந்தொகையில் விற்றது. லெனினைச் சந்தித்தார், 1934இல் ஸ்டாலினையும் ரூஸ்வெல்ற்றையும் சந்தித்தார். 1933இல் நாசிகள் அவருடைய புத்தகங்களை எரித்தார்கள். பிரித்தானியாவைப் பிடித்தால் கைதுசெய்ய என்று அவர்கள் தயாரித்த பட்டியலில் அவர் பெயரும் இருந்தது யுத்தத்துக்குப் பின் தெரியவந்தது.

வயது போகப்போக அவருடைய திமிர் கரைந்தது. ‘எதிர்பார்ப்புகள்’ வெளிவந்து நாலே வருடத்தில் இன வெறுப்புக்கு எதிராக எழுதத் தொடங்கியிருந்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய 1939இல், எதற்காகப் போராடுகிறோம் என்று கேட்டு, மனிதருடைய உரிமைகளின் பட்டியல் ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பினார். இனம், நிறம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் என்று அது சொன்னது. 1940இல் அது மலிவு விலைப் புத்தகமாகவும் வந்தது. அவர் இறந்து இரண்டு வருடங்களின் பின், 1948 டிசம்பர் 10இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முன்னோடிகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுவார்கள். ஜெனிவாவைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ மார்ச் மாதங்களைக் கழித்த எங்களுக்கு அந்தப் பிரகடனம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பது வேறு கதை.

இலண்டன் மீது குண்டுகள் விழுந்த காலம் முழுவதும் அவர் ரீஜன்ற்ஸ் பூங்காவுக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டை விட்டுப் போக மறுத்தார். 1901இல் கனவாக எழுதியது தலைக்குமேல் நடந்தது. அணுகுண்டு என்ற சொல்லையே 1914இல் நாவலில் எழுதியவர் ஹிரோஷிமாவையும் காண இருந்தார். தான் முன்கூட்டியே சொன்னதையும் யாரும் கேட்காததையும் தன் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்று கசப்போடு எழுதியிருந்தார். 1946 ஓகஸ்ற் 13ஆம் திகதி அந்த வீட்டிலேயே இறந்தார். கல்லறை கட்டப்படவில்லை; சாம்பலைக் கடலில் தூவினார்கள்.

அவருடைய சிறுகதைகளில் ஓரளவாவது பெயர் தெரிந்தது 1904இல் வந்த ‘குருடர்களின் தேசம்’. அந்தீஸ் மலையில் நூனெஸ் என்ற மனிதன் வழுக்கி விழுந்து, தலைமுறைகளாக எல்லோரும் பார்வையற்றவர்களாக வாழும் ஒரு பள்ளத்தாக்கில் சேர்கிறான். இவர்களுக்கு நான்தான் இராசா என்று நினைக்கிறான். பார்வை என்றால் என்ன என்பதைக்கூட அவனால் அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. மெதினா சரோத்தே என்ற பெண்ணை விரும்புகிறான். மணம் முடிக்கவேண்டுமானால் வருத்தம் தருகிற அந்தக் கண்களை எடுத்துவிடவேண்டும் என்று வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள். அவன் தனியே மலையேறிப் போய் நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்துக்கிடப்பதோடு கதை முடியும்.

இது எல்லோரும் வாசித்த முடிவு. 1939இல், 72 வயதில், வெல்ஸ் இந்தக் கதையைத் திரும்பத் திறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. திருத்திய கதை சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகியது. நான் அதை இரண்டு வருடங்களுக்கு முன்புதான் வாசித்தேன். புதிய முடிவில் நூனெஸ் மலையேறும்போது பள்ளத்தாக்கின் மேலே நிற்கும் பாறையில் வெடிப்பு விழுந்திருப்பதைக் காண்கிறான். அது சரியப்போகிறது. தப்பிப் போகலாம். ஆனால் திரும்பி இறங்குகிறான். கத்துகிறான். எங்கள் உலகத்துக்கு மேலே பாறை என்று ஒன்று இல்லை என்கிறார்கள் அவர்கள். மலை விழுகிறது. மெதினா சரோத்தேயை மட்டும் கூட்டிக்கொண்டு அவனால் வெளியேற முடிகிறது.

இருவரும் கீற்றோ நகரத்தில் குடும்பமாக வாழ்கிறார்கள். அங்கே அவளுடைய கண்ணுக்கு வைத்தியம் பார்க்கலாமே என்ற பேச்சு வருகிறது. அவள் மறுக்கிறாள். உலகம் அழகாக இருக்கலாம், ஆனால் அதைப் பார்ப்பது பயங்கரமாக இருக்கும் என்பது அவளுடைய நினைப்பு. வெல்ஸ் அவளோடு வாதாடவில்லை. அவளை அப்படியே இருக்க விட்டுவிட்டுக் கதையை முடிக்கிறார்.